மடைக்கு எண், மரத்துக்குப் புள்ளி

சீனியம்மாள் அச்சகத்தில் பார்த்த வேலை உரக்கப் படிப்பது. எழுதியவர் கொடுத்த கையெழுத்துப் பிரதியை அவள் ஒரு எழுத்து விடாமல் படிப்பாள். எதிரே உட்கார்ந்திருக்கும் புரூஃப் திருத்துபவர் சொக்கநாதன், அச்சில் வந்த தாளை அந்தக் குரலோடு ஒத்துப்பார்ப்பார். "காற்புள்ளி", "முற்றுப்புள்ளி", "புதுப் பத்தி" என்று எல்லாவற்றையும் சொல்லித்தான் படிக்க வேண்டும். காலையில் தொடங்கினால் மாலை வரை அந்தக் குரல் கம்முவதில்லை. மதுரை மேல மாசி வீதியிலிருந்து பிரியும் ஒரு சந்தில் அந்த அச்சகம் இருந்தது. சந்தில் பூ விற்கிறவர்களும் வண்டிக்காரர்களும் போடும் சத்தத்தையும் மீறி அவள் குரல் வாசல்வரை கேட்கும்.

இந்த வேலைக்கு அவள் வந்தது 1934-இல். நாத்தனாருடைய கல்யாணப் பத்திரிகையை அச்சடிக்கக் கொடுத்திருந்தார்கள். மாதிரித் தாளை வாங்கப் போனவள், நின்ற இடத்திலேயே அதை ஒருமுறை வாய்விட்டுப் படித்தாள்.

"ஆவணி பதிமூணு புதன்கிழமையில்ல வருது? நீங்க வியாழன்னு போட்டிருக்கீக."

அச்சக முதலாளி சுப்பராமன் பஞ்சாங்கத்தைப் புரட்டிப் பார்த்தார். அவள் சொன்னதுதான் சரி. அப்போது சொக்கநாதனுக்குப் பிரதி படிக்க ஆள் இல்லாமல் இருந்தது. "இந்த மாதிரிப் படிக்க வருமா தெனமும்?" என்று சுப்பராமன் கேட்டார். வீட்டுக்காரரைக் கேட்டுச் சொல்வதாக அவள் சொன்னாள். கணவன் காளை பஞ்சாலையில் வேலை பார்த்தான், பொன்னகரத்தில் குடியிருந்தார்கள். "படிச்ச படிப்பு வீணாப் போகுதுன்னு நீதான பொலம்புவ. போ" என்றான் அவன்.

அவள் படித்ததற்கும் ஒரு காரணம் இருந்தது. நாகமலைக்கு மேற்கே விவசாயம் பார்த்த சம்சாரிக் குடும்பம் அவளுடையது. கண்மாய்த் தண்ணீர் முறை பற்றி அவள் அப்பா ஏழு வருஷம் கோர்ட்டுக்கு அலைந்தார். தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒவ்வொரு தடவையும் அடுத்தவனைக் கேட்க வேண்டியிருந்தது. அந்த எரிச்சலில் மகளை மதுரையில் சித்தி வீட்டில் விட்டு எட்டாவது வரை படிக்க வைத்தார். வீட்டில் தாளைப் படிக்கத் தெரிந்த முதல் ஆள் அவள்தான்.

அச்சகத்தில் மூன்று வருஷம் எல்லோரும் எழுதியதைப் படித்துக்கொண்டிருந்தாள். 1937 ஐப்பசியில் ஹாலாஸ்யம் வந்தார்.

ஹாலாஸ்யம் ஒரு கல்லூரியில் பொருளாதாரம் கற்பித்தவர். ஐந்து வருஷம் விடுமுறை நாளெல்லாம் சைக்கிளில் சுற்றி, மேற்கத்திச் சீமையின் கண்மாய்களைப் பற்றி ஒரு ஆராய்ச்சிக் கட்டுரை எழுதியிருந்தார். அறுபது பக்கம். தை மாதம் தல்லாகுளத்தில் கூடவிருந்த அறிஞர் சபையில் அதைப் படிக்கப் போகிறார். அதற்குள் அச்சாகி, வருகிறவர்கள் எல்லோர் கையிலும் இருக்க வேண்டும்.

கட்டுரை முழுக்கப் பட்டியல்கள். கண்மாயின் உறுப்புகள், பராமரிப்பு வேலைகள், கரையில் நிற்கும் மரங்கள், தண்ணீர் பாயும் ஊர்கள், மடை திறக்கும் முறை. ஹாலாஸ்யத்துக்குத் தமிழ் எண்கள் மேல் பிடிவாதமான பற்று. பெரிய பிரிவுகளுக்கு ௧, ௨, ௩ என்றும், அவற்றின் உட்பிரிவுகளுக்கு அ, ஆ, இ என்றும் போட்டிருந்தார்.

முதல் நாளே தகராறு வந்தது.

"௭. கரையைப் பலப்படுத்துதல்" என்று படித்தாள் சீனியம்மாள். அடுத்த வரியில் வாயைத் திறந்தவள் நின்றுவிட்டாள்.

"என்ன?" என்றார் சொக்கநாதன்.

"அடுத்து எட்டுன்னு படிக்கவா, அனான்னு படிக்கவாண்ணே?"

தமிழ் எண்ணில் எட்டும், உயிரெழுத்து அகரமும் பார்வைக்கு ஒன்று. அந்த அச்சகத்தில் இரண்டுக்கும் ஒரே அச்செழுத்துதான். அந்த வரி எட்டாவது வேலையா, இல்லை ஏழாவது வேலையின் முதல் உட்பிரிவா? அச்சுக் கோர்த்த வீரணன் அதை எட்டு என்று நினைத்து, இடதுபக்க ஓரத்தோடு ஒட்டிக் கோர்த்திருந்தான். அதனால் பின்னால் வந்த உண்மையான எட்டு, இரண்டாவது எட்டாக நின்றது. கட்டுரைக்குள் "மேலே எட்டாவதில் கூறியபடி" என்று மூன்று இடங்களில் வந்தது. எந்த எட்டு?

மறுநாள் ஹாலாஸ்யம் வந்தபோது அதைச் சொன்னார்கள். அவர் சிரித்தார்.

"அது எட்டு இல்லையேம்மா. ஏழுக்குள்ள இருக்கற அ. பார்த்தாலே தெரியறதே!"

"எழுதின உங்களுக்குத் தெரியுது சார். படிக்கிறவுகளுக்கு எப்படித் தெரியும்?"

"அதுக்காகத் தமிழ்க் கட்டுரையில இங்கிலீஷ் நம்பர் போடச் சொல்றியா?"

"காலண்டர்லயும் ரயில் டிக்கட்டுலயும் இருக்கிற நம்பர்தான சார். அதைப் பார்த்துத்தான நாம வண்டி ஏறுறோம்."

வீரணன் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பினான். ஹாலாஸ்யத்துக்கு அது பிடிக்கவில்லை. ஆனாலும் பெரிய பிரிவுக்கு 1, 2, 3; உட்பிரிவுக்கு அ, ஆ, இ என்று அரைமனதாக ஒப்புக்கொண்டார். போகிற போக்கில் சுப்பராமனிடம், "படிக்கறதோட நிறுத்திக்கச் சொல்லுங்கோ" என்று சொல்லிவிட்டுப் போனார். அது அவள் காதிலும் விழுந்தது.

நிறுத்திக்கொள்ளலாம் என்றுதான் அவளும் இருந்தாள். நான்காம் நாள் "இக்கண்மாயால் பாயும் ஊர்கள்" என்ற பட்டியல் வந்தது. 1. நாவல்பட்டி. 2. பூவரசம்பட்டி. 3. கல்லூத்து. 4. ஓடைக்கரை. 5. செம்மண்பட்டி. படித்து முடித்துவிட்டுத் தாளைக் கீழே வைத்தாள்.

"அண்ணே, இதை இப்படியே விடக்கூடாது."

"அவர் எழுதினபடிதான இருக்கு?"

"எழுதினபடி இருக்கு. ஆனா எங்க பக்கத்துல ஊர்ப் பேருக்கு முன்னால நம்பர் போட்டா, அது தண்ணி முறை. ஒண்ணாம் நம்பர்க்காரன் பாய்ச்சின பெறகுதான் ரெண்டாம் நம்பர்க்காரன் மடையத் தொடுவான். எங்க அப்பா ஏழு வருசம் கோர்ட்டுக்கு நடந்ததே இப்படி ஒரு தாளுனாலதான். எவனோ கணக்கெடுக்க வந்தவன் வரிசை தெரியாம நம்பர் போட்டுட்டுப் போயிட்டான்."

சொக்கநாதன் ஹாலாஸ்யத்துக்கு ஆள் அனுப்பினார். வந்தவர் இந்தத் தடவை சிரிக்கவில்லை, முகம் சிவந்துவிட்டது.

"நான் சைக்கிள்ல போன வரிசை அது. முதல்ல நாவல்பட்டி, அடுத்தது பூவரசம்பட்டி. அவ்வளவுதான். யாருக்கு எப்போ தண்ணின்னு அஞ்சு பக்கம் தள்ளித் தனியா எழுதியிருக்கேனே!"

"அஞ்சு பக்கம் தள்ளி யாரு சார் போய்ப் பாப்பா? நீங்க ஒரு தடவை அங்க போய் இதைப் படிச்சுக் காட்டுங்க. நான் சொல்றது தப்புன்னா நாளையிலிருந்து வாயே தெறக்கலை."

கோபம் இருந்தாலும் ஹாலாஸ்யம் நேர்மையான மனிதர். அடுத்த ஞாயிற்றுக்கிழமை புரூஃப் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு சைக்கிளில் கிளம்பிவிட்டார்.

கண்மாய் நிரம்பிக் கிடந்தது. கரையில் பத்துப் பதினைந்து பேர் இருந்தார்கள். அவர்களுக்கு அவரை நன்றாகத் தெரியும். இளநீர் வெட்டிக் கொடுத்தார்கள். ஊருக்கெல்லாம் தண்ணீர் பிரித்துவிடும் நீர்பாய்ச்சி கருப்பு என்பவரும் மண்வெட்டியோடு வந்து உட்கார்ந்தார். ஹாலாஸ்யம் தாளை விரித்துப் பட்டியலைப் படித்தார். மூன்றாவது எண்ணைச் சொன்னதுதான் தாமதம், ஒருவர் எழுந்துவிட்டார்.

"யாரு கல்லூத்தை மூணாவதாப் போட்டது? எங்க தாத்தன் காலத்துலருந்து தலமடை எங்களுது!"

நாவல்பட்டிக்காரர் ஒருவர், "சார் படிச்சவர். விசாரிக்காமயா எழுதுவாரு? எங்களுக்குத்தான் மொதல்னு எங்க பெரியப்பா சொல்லிக்கிட்டே இருந்தாரு" என்றார். அதோடு இன்னும் நாலு பேர் எழுந்தார்கள். அடுத்த கால் மணி நேரம் ஹாலாஸ்யம் பேசியது எதுவும் யார் காதிலும் விழவில்லை. கருப்பு மண்வெட்டிக் காம்பைத் தரையில் ஓங்கித் தட்டிய பிறகுதான் சத்தம் அடங்கியது.

"சார், இந்தத் தாள் அச்சாயிருச்சா?" என்று கேட்டார் கருப்பு.

"இல்லை. இனிமேல்தான்."

"அம்புட்டுக்குச் சந்தோஷம். அந்த நம்பரை அழிச்சிட்டு அடிங்க."

திங்கட்கிழமை அச்சகம் திறப்பதற்கு முன்பே ஹாலாஸ்யம் வாசலில் நின்றார். சீனியம்மாள் வந்ததும் தாளை நீட்டினார்.

"நீ சொன்னது சரி. நான் தப்பு பண்ணிட்டேன். அஞ்சு வருஷம் அவாளோட பழகியும் எனக்கு இது தெரியலை. எங்கெல்லாம் எண் வேணும், எங்கெல்லாம் வேண்டாம்னு நீயே பார்த்துச் சொல்லும்மா."

கல்லூரியில் கற்பிக்கிறவர் தன் முன்னால் நின்று இப்படிச் சொல்வார் என்று அவள் எதிர்பார்த்ததில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, பட்டியல்களை ஒவ்வொன்றாக எடுத்தாள்.

"ஒரு பட்டியல்ல இருக்கிறதத் தூக்கி மாத்தி வெச்சுப் பாருங்க சார். மாத்தினதும் அர்த்தம் கெட்டுப்போச்சுன்னா அதுக்கு நம்பர் வேணும். கெடலைன்னா நம்பர் வேண்டாம், புள்ளி போதும். மடை தெறக்கிற முறையை மாத்த முடியுமா? முடியாது. கரையில நிக்கிற மரம்? புளியை முன்னால சொன்னா என்ன, மருதை முன்னால சொன்னா என்ன?"

"புள்ளி போட்டாலும் ஏதோ ஒரு ஊர் மேலதானே நிக்கும்? அதுக்கும் சண்டை வந்தால்?"

"அகர வரிசையில வைப்போம். அப்படித்தான் வெச்சிருக்குன்னு மேலயே ஒரு வரி எழுதிருங்க. ஓடைக்கரை தலையில வந்தாலும் யாரும் கோவிக்க முடியாது."

ஹாலாஸ்யம் அந்த வரியை அங்கேயே நின்றபடி எழுதிக் கொடுத்தார்.

பட்டியலுக்குப் போடத் தகுந்த புள்ளி அச்சகத்தில் இல்லை. முற்றுப்புள்ளி சிறியது, அதுவும் அடியில் ஒட்டி நிற்கும். வீரணன் பெட்டி பெட்டியாகத் துழாவி, கல்யாணப் பத்திரிகைக்கு ஓரம் கட்ட வாங்கியிருந்த வட்டப் புள்ளிகளைக் கொண்டுவந்தான். ஒன்றை வரியின் தொடக்கத்தில் வைத்து அடித்துப் பார்த்தார்கள். கச்சிதமாக நடுவில் உட்கார்ந்தது.

அதற்குப் பிறகு பத்து நாள் சீனியம்மாள் வேறு எந்தப் பிரதியையும் தொடவில்லை. வாய்விட்டுப் படிக்கிறவளாதலால், கண்ணுக்குத் தெரியாத கோளாறுகள் அவள் நாக்குக்குத் தெரிந்தன. ஒரு பட்டியலில் முதல் வரி "மடையைத் திறத்தல்" என்று முடியும். அடுத்தது "வாய்க்காலைத் தூர்வார வேண்டும்" என்று முடியும். மூன்றாவது "கலுங்கில் பலகை" என்று பாதியில் நிற்கும். படிக்கும்போது கல் தடுக்கின மாதிரி இருந்தது. எல்லாம் ஒரே மாதிரி முடியும்படி ஹாலாஸ்யத்தைக் கேட்டு மாற்றினாள். நீளமான வரி மடங்கி இரண்டாம் வரிக்கு வந்தால், அது எண்ணுக்கு நேர்கீழே போகாமல் சொல் தொடங்கிய இடத்துக்கு நேர்கீழே நிற்க வேண்டும் என்றாள். எண்கள் மட்டும் ஓரத்தில் தனியாக, ஒன்றன்கீழ் ஒன்றாகத் தெரிய வேண்டும். அதற்காக ஒவ்வொரு வரிக்கும் முன்னால், தாளில் பதியாத வெற்றுக் கட்டைகளை அடைத்தான் வீரணன்.

"ஒனக்காக நான் எழுத்துக் கோக்கறதை விடக் கட்டை அடைக்கிறதுதான் ஜாஸ்தி" என்று அவன் அலுத்துக்கொண்டான்.

"பாக்க எம்புட்டு அழகா இருக்குன்னு நீங்களே சொல்லுவீக பாருங்கண்ணே."

பட்டியல்களில் எண் மாறியதால் கட்டுரைக்குள் இருந்த "மேலே கூறிய நான்காவது", "கீழே வரும் ஆறாவது" எல்லாம் மாற வேண்டியிருந்தது. அவை நாற்பத்தொரு இடங்களில் இருந்தன. ஒவ்வொன்றையும் பக்கத்தோடு ஒரு தாளில் குறித்து, மாற்ற மாற்ற அடித்துக்கொண்டே வந்தாள். கடைசி இடத்தையும் அடித்த அன்று சொக்கநாதன் தாளை வாங்கி ஒருமுறை சரிபார்த்தார். ஒன்றுகூடத் தவறவில்லை. "முப்பது வருஷமாப் புரூஃப் பாக்கிறேன். இப்படி ஒண்ணு நான் பார்த்ததில்லை" என்றார். அவர் அவ்வளவு எளிதில் யாரையும் பாராட்டுகிறவர் அல்ல.

தை மாதக் கூட்டத்துக்கு அவளையும் காளையையும் ஹாலாஸ்யம் அழைத்தார். கடைசி வரிசையில் உட்கார்ந்தார்கள். ஹாலாஸ்யம் படித்து முடித்ததும் திருச்சியிலிருந்து வந்த ஒரு பேராசிரியர் எழுந்தார்.

"பதினேழாம் பக்கம், நான்கு, இ. கோடையில் கீழ்மடையை அடைப்பது பற்றி ஒரு சந்தேகம்."

மண்டபம் முழுக்க ஒரே நேரத்தில் தாள் புரளும் சத்தம் கேட்டது. அடுத்த கணம் இருநூறு பேரும் அந்த ஒரே வரியில் விரலை வைத்திருந்தார்கள். "எந்தப் பக்கம், எந்த வரி?" என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. அடுத்து ஒருவர் "இருபத்திரண்டு, ஆறு, ஆ" என்றார். மறுபடியும் அதேதான். கேள்விகள் ஒன்றரை மணி நேரம் நடந்தன. வந்திருந்தவர்கள் கண்மாயைப் பற்றி மட்டுமே பேசினார்கள். இடம் தேடி யாரும் தடுமாறவில்லை.

முடிவில் சபைத் தலைவர், "இவ்வளவு தெளிவாக அடுக்கப்பட்ட கட்டுரையை இந்தச் சபை இதுவரை கண்டதில்லை" என்றார்.

ஹாலாஸ்யம் எழுந்தார். "கட்டுரை என்னுடையது. அடுக்கு என்னுடையதல்ல. அச்சகத்தில் பிரதி படிக்கும் சீனியம்மாள் செய்தது. எண்ணுக்கும் புள்ளிக்கும் உள்ள வித்தியாசத்தை எனக்குச் சொன்னவரும் அவர்தான். அதோ அங்கே இருக்கிறார்" என்று கையைக் காட்டினார்.

இருநூறு தலைகள் திரும்பின. கூட்டத்துக்கு வந்திருந்த சுப்பராமன் கண்ணைக் காட்ட, அவள் எழுந்து நின்று கும்பிட்டாள். கைதட்டல் நிற்கும்வரை எதைப் பார்ப்பது என்று தெரியாமல் மேடையிலிருந்த மாலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வீடு திரும்பும் வழியில் காளை வைகைப் பாலத்தின் நடுவில் நின்று, "நாளைக்கு மில்லுல எல்லார்கிட்டயும் சொல்லுவேன். நம்பாட்டி அந்தப் பொஸ்தகத்தைக் கொண்டுபோய்க் காட்டுவேன்" என்றான்.

"கட்டுரையில எம்பேரு இல்லையே."

"பேரு எதுக்கு? புள்ளியைக் காட்டுவேன்."

அந்த ஆண்டிலிருந்து சபையின் ஆண்டு மலர் அந்த அச்சகத்துக்கே வந்தது. கட்டுரை எழுதுகிறவர்களுக்கு அனுப்ப ஒரு விதித்தாள் வேண்டும் என்று சபை கேட்டது. சீனியம்மாள் அதை ஒரே பக்கத்தில் எழுதினாள். தூக்கி மாற்றிப் பார்க்கும் சோதனைதான் முதலில். பட்டியலுக்கு முன்னால் அது எதைப் பற்றியது என்று ஒரு முழு வாக்கியம் வேண்டும். ஒரே ஒரு உட்பிரிவு இருந்தால் அது பிரிவே அல்ல, மேல்வரியோடு சேர்த்து எழுதிவிடலாம். காரணகாரியமாகச் சொல்ல வேண்டியதைத் துண்டு துண்டாக வெட்டிப் பட்டியலாக்கக் கூடாது. இந்தக் கடைசி விதியைப் பார்த்து ஹாலாஸ்யம், "இது என்னைப் பத்தினதுதானே?" என்று கேட்டுச் சிரித்தார்.

எல்லோரும் சிரிக்கவில்லை. ஒரு பண்டிதர், தம் கட்டுரையைத் திருத்த அச்சாபீஸ் பெண் யார் என்று நான்கு பக்கக் கடிதம் எழுதினார். சீனியம்மாள் பதிலுக்கு ஒரு கார்டு போட்டாள்: "ஐயா அவர்கள் கட்டுரையில் ஆறாம் எண் இரண்டு இடங்களில் வருகிறது. முடிவுரையில் ஆறாவது காரணமே முதன்மையானது என்கிறீர்கள். எந்த ஆறு என்று தெரிவித்தால் அப்படியே அச்சிடுகிறோம்." பத்து நாள் கழித்துப் பதில் வந்தது. "இரண்டாவது" என்ற ஒரே சொல். அடுத்த ஆண்டு அவர் அனுப்பிய கட்டுரையில் பட்டியலெல்லாம் புள்ளி வைத்தே வந்திருந்தது.

பிறகு யுத்தம். இரும்புக்காகப் போடி ரயில் தண்டவாளத்தையே பெயர்த்துக்கொண்டு போனார்கள். காகிதத்துக்கும் கட்டுப்பாடு வந்தது. 1943-ஆம் ஆண்டு மலர் தொண்ணூற்றிரண்டு பக்கம். கையில் இருந்த காகிதம் எழுபத்திரண்டு பக்கத்துக்குத்தான் வரும்.

"இடம் விட்டு இடம் விட்டு அடுக்கினது போதும். பட்டியலை எல்லாம் பத்தியாச் சேர்த்து ஓட்டிடு" என்றார் சுப்பராமன்.

"எல்லாத்தையும் சேக்க முடியாது சார். பேரு பேரா இருக்கிறதை ஓட்டிடலாம். ஒண்ணு ரெண்டுன்னு அடைப்புக்குள்ள போட்டு, நடுவுல அரைப்புள்ளி வெச்சா ஒரு வாக்கியத்துல அடங்கிரும். ஆனா இன்னது செஞ்சப்பெறகு இன்னதுன்னு இருக்கே, கரை ஒடைஞ்சா அடைக்கிற முறை மாதிரி, அதைச் சேத்துட்டா மழையில நிக்கிறவன் எங்க தேடுவான்?"

"எழுபத்திரண்டுக்குள்ள முடிஞ்சாகணும்."

"முடிச்சித் தாரேன்."

ஐந்து நாள் வீரணனோடு உட்கார்ந்தாள். எதை ஓட்டுவது, எதை நிறுத்துவது என்று வரி வரியாகப் பிரித்தாள். மலர் எழுபத்தொரு பக்கத்தில் முடிந்தது. ஒரு பொருளும் விடுபடவில்லை. வேலைமுறைப் பட்டியல் ஒவ்வொன்றும் முன்போலவே எண்ணோடு தனித்து நின்றது. மிஞ்சிய ஒரு பக்கத்தில் சுப்பராமன் அவள் எழுதிய விதித்தாளையே அச்சிடச் சொன்னார்.

யுத்தம் முடிந்த வருஷத்து மலருக்குச் சபையிலிருந்து ஒரு குறிப்பு வந்தது. முகப்புப் பக்கத்தின் பின்புறம், பதிப்பாசிரியர் பெயருக்குக் கீழே, இன்னொரு வரி சேர்க்க வேண்டும் என்று. அது சபை நிறைவேற்றிய தீர்மானம். வீரணன் யாருக்கும் சொல்லாமல் அதைக் கோர்த்துவிட்டான். புரூஃப் தாள் சொக்கநாதன் மேஜைக்கும், பிரதி சீனியம்மாள் கைக்கும் வந்தன. அவள் வழக்கம்போலப் படித்துக்கொண்டே வந்தாள்.

"பட்டியல் ஒழுங்கு, இரட்டைப்புள்ளி, நா. சீனியம்மாள், முற்றுப்புள்ளி."

படித்த பிறகுதான் எதைப் படித்தோம் என்று அவளுக்கு உறைத்தது. அச்சகத்தில் எல்லாக் கைகளும் வேலையை நிறுத்தியிருந்தன. சொக்கநாதன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "சரியா இருக்கு. மேல படி" என்றார்.

அவள் நிமிர்ந்து உட்கார்ந்து, சந்துவரை கேட்கும் குரலில் அடுத்த பக்கத்தைத் தொடங்கினாள்.